வடக்கே ஒரு நாள் போய் வாருங்கள்!

பார்ஸலோனா! இந்தப் பெயரைச் சொன்னவுடனே பலருக்கு இப்போது முகம் மலர்ந்து விடுகிறது. ஸ்பெயின் தேசத்துத் துறைமுகப் பட்டினம் அது. போய் வந்தவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள். முதலாவது, அங்குள்ள சித்திரங்களும் கட்டடங்களும். இரண்டாவது, ராம்ப்லா என்னும் வீதியில் இருக்கும் 'பொக்கேரியா' மார்க்கெட். மூன்றாவது, சந்து பொந்துகளில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும் தின்பண்டங்கள். உருளைக்கிழங்கை மசித்து, உள்ளே இறைச்சியை வைத்து உருட்டிப் பொரித்த 'பொம்பா' என்கிற போண்டாவை மெச்சாதவர்கள் கிடையாது. அது எங்கே பிறந்தது தெரியுமோ? அரண்மனைச் சமையலறையில் இல்லை. பார்ஸலோனேட்டா என்ற மீனவர் பேட்டையில், துறைமுகத் தொழிலாளிகள் பசியாறும் ஒரு சின்னஞ்சிறு கடையில்!

கேட்கக் கேட்க நமக்கும் நாக்கில் ஜலம் ஊறத்தான் செய்கிறது. விமான டிக்கெட்டின் விலையைக் கேட்டதும் ஊறின ஜலம் வற்றியும் விடுகிறது.

கவலை வேண்டாம். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி விடுங்கள். அதுதான் ராயபுரம்.

"என்னது, ராயபுரமா!" என்று மூக்கைச் சுளிக்கிறீர்களா? சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட அநேகம் பேர், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால்தான் உண்டு, மற்றபடி பாரிமுனைக்கு வடக்கே எட்டிப் பார்த்ததில்லை. லாரிகள், புகை, எண்ணெய் டாங்குகள் - அவ்வளவுதான் வடசென்னை என்று முடிவு கட்டியிருப்பார்கள். லாரியும் புகையும் இல்லை என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் சித்திரம், சந்தை, சாப்பாடு என்று பார்ஸலோனாக்காரர்கள் எந்த மூன்றுக்காகப் பெருமைப்படுகிறார்களோ, அந்த மூன்றும் இங்கேயும் இருக்கின்றன. அங்கே போலவே இங்கேயும் உழைப்பாளி ஜனங்கள் தங்களுக்காகச் செய்து கொண்டவை. அதனால்தான் விலையும் மலிவு, ருசியும் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, இருட்டோடு புறப்படுங்கள். முதல் காட்சி காசிமேடு மீன்பிடி துறைமுகம். பொழுது விடிந்து, காப்பி குடித்து, சாவகாசமாகப் போகலாம் என்று நினைத்தால் பாதி விசேஷம் முடிந்து போயிருக்கும். ஆழ்கடலில் பல நாள் தங்கி வலை வீசிய விசைப்படகுகள் நடுநிசிக்கு மேல் வரிசையாக வந்து அணைகின்றன. கூடை கூடையாக மீன் இறங்குகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தரையெல்லாம் வெள்ளியை உருக்கி வார்த்தது போல் இருக்கிறது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, கொடுவா, திருக்கை, சுறா, கடம்பா, இறால், நண்டு... ஒரு சித்திரக்காரர் இங்கே வந்து நின்றால் வர்ணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சங்கரா மீனின் செம்மையையும், நீலக்கால் நண்டின் நீலத்தையும் எந்த வர்ணப் பெட்டியில் வாங்க முடியும்?

ஏலம் நடக்கும் வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஏலம் விடுகிறவர் தொகையைப் பாட்டுப் போல அடுக்கிக் கொண்டே போகிறார். சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணாலேயே பதில் சொல்கிறார்கள். ஒரு தலையசைப்பு, கூடை கைமாறி விட்டது! அந்தக் கூடையைப் பங்கு போட்டுக் கொண்டு, தரையில் ஒரு பலகையையோ பிளாஸ்டிக் விரிப்பையோ போட்டு உட்கார்ந்து, அடுத்த சில மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்த்தாக வேண்டும். மீன் காத்திருக்காது. அன்றைக்கு வாங்கிய கடனும் காத்திருக்காது.

"வாம்மா, வா! தொட்டுப் பாரு, சும்மா வெள்ளியாட்டம் கீது! எம்மாம் வேணும்?"

இப்படி அழைக்கும்போது கூச்சப்படாமல் குனிந்து பாருங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளபளவென்று துருத்திக் கொண்டிருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழாமல் சதை மேலே வர வேண்டும். விலை பேசுவதும் அவசியம். பேசாமல் வாங்கினால் விற்கிற அம்மாளுக்கே சப்பென்று போய்விடும்! ஆனால் பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சாமானுக்கு ஒட்டியிருக்கும் விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிற நாம், இங்கே மட்டும் பத்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கையிருப்புக் குறைச்சலா? வஞ்சிரத்தின் பக்கம் திரும்பாதீர்கள். கவலை என்று ஒரு மீன் உண்டு. பெயர்தான் கவலை, வாங்குகிறவருக்கு ஒரு கவலையும் இல்லை, அத்தனை மலிவு. காணாங்கத்தையும் நெத்திலியும் அப்படியே. கவலை மீனைச் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளியைச் சற்றுத் தாராளமாகக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, அன்றைக்கே தீர்த்து விடாமல் ஒரு பங்கு மறுநாள் காலை இட்லிக்கு எடுத்து வையுங்கள். பிறகு வஞ்சிரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மீனைச் சுத்தம் செய்யத் தெரியாதே என்ற பயமும் வேண்டாம். பெரிய அரிவாள்மணையைக் காலடியில் வைத்துக் கொண்டு, கேட்ட மாதிரி துண்டு போட்டுக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செதில் சீவும் லாகவமும் ஒரு கலைதான்.

ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருகும் காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் உள்ள தடை இது. அப்போது கரையோரம் போகும் சிறு படகுகளின் மீன்தான் வரும், விலையும் ஏறிவிடும். ஊருக்கு வரும் விருந்தாளிகளை அந்தச் சமயத்தில் அழைத்துப் போய் ஏமாற்ற வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் காசிமேட்டுக்கு வருகிறவர்களில் மீன் வாங்க வருகிறவர்களைக் காட்டிலும் படம் பிடிக்க வருகிறவர்களுக்குக் குறைச்சலில்லை. பார்ஸலோனாவில் என்ன நடந்தது? பொக்கேரியா மார்க்கெட்டில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் பெருகிப் பெருகி, பை எடுத்துக் கொண்டு காய்கறி வாங்க வரும் உள்ளூர் அம்மாமார்கள் உள்ளே நுழைய முடியாமல் போயிற்று. கடைசியில் 2015-ஆம் ஆண்டில், கூட்டம் நெரியும் நேரங்களில் பெரிய சுற்றுலாக் கோஷ்டிகள் மார்க்கெட்டுக்குள் வரக் கூடாது என்று நகரசபை உத்தரவு போட்டது. ஆகவே, படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அரைக் கிலோ நெத்திலியாவது வாங்கிக் கொண்டு எடுங்கள்!

மீன் வாங்கியாயிற்று. ஐஸ் போட்டுக் கட்டியாயிற்று. பசிக்கிறது அல்லவா? துறைமுகத்துக்கு வெளியே வந்தால் நடைபாதையில் அடுப்பு மூட்டி இட்லி அவித்துக் கொண்டிருப்பார்கள். கூடவே நேற்றைய மீன் குழம்பு. சாம்பாரும் சட்னியும் இட்லிக்கு உறவினர்கள் என்றால், பழைய மீன் குழம்பு அதன் பிராண சிநேகிதன் என்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் மூட்டை தூக்கியவர்களும் வலை இழுத்தவர்களும் சாப்பிடும் இடமாகையால் அளவிலும் காரத்திலும் கஞ்சத்தனம் கிடையாது.

சாப்பிட்ட கையோடு கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். மணலைத் தேடுவீர்கள். மணலுக்குப் பதிலாகக் கருங்கற்கள்தான் குவிந்து கிடக்கும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே அள்ளிக் கொண்டு போகின்றன. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். போகிற மணலை அந்தச் சுவர்கள் தடுத்து விட்டன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற மெரினா ஆயிற்று. வடக்கே மணல் வராமல் போய், ராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையை அரித்துத் தின்னத் தொடங்கியது. தெருக்களையும் வீடுகளையும் இழந்த குப்பங்கள் இந்தக் கரையில் உண்டு. பாறைகளைக் கொட்டித்தான் எஞ்சியதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சாயங்கால வேளைகளில் மெரினாவில் சுண்டல் கொறித்துக் கொண்டு நாம் உட்காருகிறோமே, அந்த மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேர வேண்டியது!

போகட்டும், ராயபுரத்தைச் சுற்றி வருவோம். ராயபுரம் என்ற பெயரே ராயப்பரால் வந்தது என்பார்கள். கிறிஸ்துநாதரின் சீடரான பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்று அழைப்பது வழக்கம். அவரும் ஒரு மீனவர்தானே! அவர் பெயரால் இங்கே நிற்கும் மாதா கோயிலைக் கட்டியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலிலேயே நிற்கும். அலைகளைத் தாண்டிப் போய், வெள்ளைக்காரத் துரைகளையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றிக் கரை சேர்த்த ஜனங்கள் அவர்கள். சற்றுத் தள்ளி, 1910-இல் எழுப்பப்பட்ட பார்ஸிக்காரர்களின் அக்கினிக் கோயில். அதற்குள் பார்ஸிகள் தவிர வேறு யாரும் போகலாகாது. வெளியே நின்று பார்த்துக் கொள்ளலாம்.

ரயில் ஸ்டேஷனை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டு வரக் கூடாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் ஹௌராவிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியது வாஸ்தவம். ஆனால் அந்தப் பழைய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. ராயபுரம் நிற்கிறது! இந்தியாவில் இன்றும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் வயதில் மூத்தது இதுதான். உயர்ந்த தூண்களும் அகன்ற முகப்புமாக, கிரேக்க தேசத்து மாளிகை ஒன்று வழி தவறி வண்ணாரப்பேட்டை ஓரமாக வந்து உட்கார்ந்தது போல் இருக்கிறது. பாழடைந்து கிடந்த இதை 2005-இல் புதுப்பித்தார்கள். அனுமதிச் சீட்டு வாங்கி அந்நிய தேசத்து மாளிகைகளைப் பார்க்கிறவர்கள், பிளாட்பாரம் டிக்கெட் விலையில் இதைப் பார்க்காமல் இருக்கலாமா?

இனித் திருவொற்றியூர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் ஓடுகிறது. தண்டையார்ப்பேட்டையிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ ஏறினால் கோயில் தேரடியிலேயே இறக்கி விடும். நடுவே காலடிப்பேட்டை என்று ஒரு ஸ்டேஷன் வரும். யாருடைய காலடி என்று யோசிக்காதீர்கள். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த காலெட் துரை, நெசவாளிகளைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலெட்பேட்டை நம்முடைய நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது!

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலைப் பக்தர்கள் பார்க்கும் விதம் ஒன்று. கலை ரசிகர்கள் பார்க்க வேண்டிய விதம் இன்னொன்று. முடிந்தால் இரண்டு கண்ணாலும் பாருங்கள். மூலவரின் விமானத்தைச் சுற்றி வரும்போது பின்புறம் மூலை இல்லாமல் வளைந்திருப்பது தெரியும். யானை படுத்திருக்கும்போது பின்பக்கம் எப்படி உருண்டிருக்குமோ அப்படி. 'தூங்கானை மாடம்' என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தார்கள்! கங்கை கொண்ட ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொற்படி, கருங்கல்லால் எழுப்பப்பட்டது இது. கட்டியவன் பெயர் ரவி. 'வீரசோழத் தச்சன்' என்பது பட்டம். எத்தனையோ கோயில்களில் கட்டச் சொன்ன மன்னனின் பெயர் இருக்கும், கட்டிய கையின் பெயர் இருக்காது. இங்கே கல்வெட்டில் தச்சனின் பெயர் ஆயிரம் வருஷமாக நிற்கிறது.

ஏகபாத மூர்த்தியையும் தேடிப் பாருங்கள். சிவபெருமான் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவருடைய உடலின் இரு பக்கங்களிலிருந்தும் பிரமனும் திருமாலும் கிளைத்து வருகிறார்கள். மூன்று உருவங்களையும் ஒரே காலில் நிறுத்த வேண்டும், பார்க்கிறவனுக்கு அவை விழுந்துவிடும் என்ற எண்ணமே வரக் கூடாது. சிற்பி எப்படித்தான் சாதித்தானோ! மூலவர் புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் கவசமின்றித் தரிசிக்கலாம். அந்த மூன்று நாள் கூட்டத்தில் சிற்பம் பார்க்க இடம் கிடைக்காது என்பதையும் நினைவு வையுங்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், பட்டினத்தார் கடற்கரையில் சமாதியானதும் இந்த ஊரில்தான். வடசென்னையிலிருந்து நாள்தோறும் இங்கே நடந்து வந்து வடிவுடையம்மனைப் பாடினார் வள்ளலார். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளும் இந்த அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். சங்கீத உலகில் 'திருவொற்றியூர் பஞ்சரத்னம்' என்று அவற்றுக்குப் பெயர்.

அதே கர்நாடக சங்கீதம் சில மைல் வடக்கே, எண்ணூரில், வேறொரு காரியத்துக்கு வந்து நின்றது. 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' அது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடினார். சபாவில் கேட்கும் ராகங்களை வைத்து, பேச்சுத் தமிழில் பாடிய பாட்டு. புறம்போக்கு என்பதை நாம் வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், கழிமுகம் என்று எல்லோருக்கும் பொதுவாக விட்ட இடத்துக்கு வைத்த பெயர் அது.

எண்ணூருக்கு ரயிலில் போய், கொசஸ்தலையாறு கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தில் நின்றால் பாட்டு தானாகப் புரியும். ஒரு பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். எதிரே இடுப்பளவு நீரில் வலை வீசும் மனிதர்கள். இந்தக் கழியின் இறாலும் நண்டும் மடவையும் ருசிக்குப் பேர் போனவை. அதற்கு வந்த சோதனைகள் கொஞ்சமல்ல. 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டதில் எண்ணெய் கரையெல்லாம் படிந்தது. வாளியால் அள்ளி அப்புறப்படுத்தினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, கழி முழுவதும் கறுத்துப் போயிற்று. வலையும் படகும் தார் பூசியது போல் ஆயின. எண்ணூர் மீன் என்றாலே வாங்குகிறவர்கள் தயங்கினார்கள். மீனவர்களுக்கு எண்ணெயைக் காட்டிலும் பெரிய அடி அந்தத் தயக்கம்தான்.

பொழுது சாய்ந்து விட்டது. வந்த வழியே ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனுக்கே திரும்புங்கள். வெளியே வந்தால் பர்மா பஜார். காலையில் இட்லி தின்ற வயிறு இந்நேரம் கூவிக் கொண்டிருக்கும். அதற்கு இங்கே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்.

பர்மாவில் பரம்பரை பரம்பரையாகத் தொழில் செய்து வாழ்ந்த தமிழர்களை 1960-களில் அந்த நாட்டு ராணுவ அரசாங்கம் ஓட்டாண்டியாக்கியது. 1964-இல் கடைகள் சர்க்கார் வசமாயின. 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜனங்கள் கப்பல் கப்பலாக இந்தச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க வழி செய்வதற்காக 1969-இல் ஏற்பட்டதுதான் இந்தப் பஜார். நகையைக் கொண்டு வர முடியவில்லை. நாக்கின் ருசியை எந்தச் சுங்க அதிகாரி பறிமுதல் செய்ய முடியும்? அதைக் கொண்டு வந்தார்கள். அதன் பெயர் அத்தோ!

இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் தள்ளுவண்டிகள் நிற்கும். கூட்டம் எங்கே மொய்க்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். மஞ்சள் நிறத்தில் தடித்த நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, பொடியாக நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், எண்ணெய், மல்லித்தழை எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே பிசைகிறார் கடைக்காரர். கரண்டியால் கலந்தால் அது அத்தோ ஆகாது. பர்மியச் சொல்லுக்கே பிசைந்து கலந்தது என்றுதான் பொருள். நொறுங்கின பேஜோவைத் தூவிக் கொடுப்பார். பக்கத்திலேயே வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கும் சூப். சேமியா போன்ற இடியாப்பத்தின்மீது அந்தச் சூப்பை ஊற்றினால் மொய்ங்கா. பர்மாவில் இதை மீன் போட்டுத்தான் செய்வார்கள். இங்கே சைவர்களுக்காக மீன் இல்லாமலே செய்கிறார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் காரமும் அடைத்துத் தரும் 'மசாலா முட்டை'யை ஒரே வாயில் போட்டுக் கொள்ள வேண்டும். கடித்துத் தின்னப் பார்த்தால் சட்டைக்கு ஆபத்து!

இத்தனைக்கும் விலை? ஒரு தட்டு அத்தோவுக்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் பாக்கி வாங்கிக் கொள்ளலாம். நின்று கொண்டே சாப்பிட வேண்டும், மேஜை நாற்காலி கிடையாது. பக்கத்தில் நிற்பவர் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பார், அந்தப் பக்கம் துறைமுகக் கூலியாள், இந்தப் பக்கம் கல்லூரி மாணவி. காரம் ஏறிப் புரைக்கேறுகிறதா? வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கிண்ணம் கேளுங்கள். முகம் கோணாமல் ஊற்றுவார்கள்.